தப்பு செய்ய ஒரு மேசை வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். திட்டுவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்களும் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சென்ற வாரம் இங்கே ஒரு படம் போட்டிருந்தேன். 1957ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரின் மாடல். அசல் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. பெட்டியில் உதிரியாக வந்த பிளாஸ்டிக் உறுப்புகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. உடம்பு நீலப்பச்சை, கூரை தந்தவெள்ளை. அந்த வெள்ளைக்கு அந்தக் காலத்தில் செவர்லேக்காரன் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘இந்தியா ஐவரி’. நானும் 1957இல் பிறந்தவன் என்பதால்தான் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

வாழ்த்தியவர்களுக்கு நன்றி. வாழ்த்தாதவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

“சாருக்கு ரிட்டயர்டு ஆகி பொழுது போகல” என்றார் ஒருவர். “பென்ஷன் காசு கொழுப்பு” என்றார் இன்னொருவர். “காமராஜர் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அமெரிக்கக் கார் மோகமா? மாட்டுவண்டி செய்யலாமே அண்ணாச்சி” என்றார் மூன்றாமவர். என்னோடு இருபது ஆண்டு வேலை பார்த்த நண்பர், இன்று ஒரு பள்ளியில் தலைமையாசிரியர், போன் போட்டே கேட்டார்: “பிள்ளைகளைக் கைவேலையிலிருந்து மீட்கத்தானே ஆயுள் முழுக்கப் பாடுபட்டோம்? இப்போ நீங்களே குச்சியும் பசையும்னு ஆரம்பிச்சா என்ன அர்த்தம்?”

இவர்கள் எல்லோருக்கும் பதில் வைத்திருக்கிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு பின்னூட்டம். என் பழைய மாணவன் ஒருவன் எழுதியது. இரண்டே வரி.

“அருமை சார். 1994ல என் லாரியை உடைச்சீங்களே, நினைவிருக்கா?”

நினைவிருக்கிறது.

எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சு. தீக்குச்சிகளை அடுக்கி ஒட்டி, தீப்பெட்டி அட்டையில் கேபின் வைத்து, பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் மாட்டி, சைக்கிள் ஸ்போக்ஸை அச்சாக்கி ஒரு லாரி செய்திருந்தான். பின்கதவு திறந்து மூடும். நான் பாடம் நடத்தும்போது பெஞ்சுக்கு அடியில் உருட்டிக்கொண்டிருந்தான். நான் அதைப் பிடுங்கி மேசை விளிம்பில் ஓங்கி அடித்தேன். அடித்துவிட்டு ஒரு வசனமும் பேசினேன். “படிக்காம இப்படியே குச்சி ஒட்டிக்கிட்டு இரு. கடைசில தீப்பெட்டி ஆபீஸ்லதான் ஒட்டப்போற.”

வகுப்பே சிரித்தது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அன்று அந்த நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டோ, பட்டாசு ஆபீஸில் குழாய் உருட்டிக்கொண்டோதான் இருந்தார்கள். அம்மா செய்யும் வேலையைச் சொல்லி மகனை மிரட்டினேன். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. 33 ஆண்டு அறிவியல் வாத்தியாராக இருந்ததில் அந்த வசனத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நான் மட்டுமல்ல, சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் சாக்பீஸ் பிடித்த எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், சொன்னதில்லையா என்று.

அந்த லாரியையும் இந்தக் காரையும் ஒன்றாக வைத்துத்தான் இனி பேசப்போகிறேன்.

முதலில் என் தலைமையாசிரிய நண்பருக்கு. அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை மறுத்துவிட்டுப் பேசினால் நான் பொய்யன். நான் வேலையில் சேர்ந்த 1982இல் எங்கள் ஏழாயிரம்பண்ணையில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியின் ஹாரன் கேட்கும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குச்சட்டியும் கையுமாக ஏறிப்போன பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்தவன். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பிள்ளை இருக்காது. 1976இலேயே ஹர்பன்ஸ் சிங் குழு இந்தப் பகுதிக் குழந்தைத் தொழிலாளர் நிலையை எழுதிக் கொடுத்தது. 1986இல் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சட்டத்தை நீதிபதிகள் எழுதினார்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தது ஆசிரியர்கள். அந்த வேலையில் என் நண்பர் என்னைவிட அதிகம் அலைந்தவர். பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்கணக்கில் மாநிலத்தில் முதலிடம் பிடித்ததன் பின்னால் அந்த அலைச்சல் இருக்கிறது.

ஆனால் நண்பரே, கூலிக்காக வேலை செய்த கையை மீட்டுக்கொண்டு வந்தோம். மீட்ட கைக்கு என்ன கொடுத்தோம்? பேனா கொடுத்தோம். அந்தப் பேனாவும் கைடில் உள்ளதைத் தாளில் இறக்கத்தான். கைத்தொழில் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கினோம், திருப்பிக் கொடுக்கவே இல்லை. கைத்தொழில் ஆசிரியர் ஓய்வுபெற்றுப் போனார், அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. தறியும் தச்சுச் சாமான்களும் ஸ்டோர் ரூமில் கரையான் அரித்தன. கடன் வாங்கியவர்களில் முதல் ஆள் நான்தான்.

அதன் பலனை என் கையிலேயே பார்த்தேன். கேளுங்கள்.

இந்தக் கார் கிட் பெட்டியைத் திறந்தால் ஜன்னல் கம்பி போலப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அந்தச் சட்டங்களில் நூற்றுச் சொச்சம் உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் தனி, ரேடியேட்டர் தனி, ஸ்டியரிங் தனி, நகத்தைவிடச் சிறிய கதவுக் கைப்பிடி தனி. ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்தி வார்ப்பதால் அச்சின் இரு பாதிகளும் சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அதையும் தேய்க்க வேண்டும். 400 நம்பரில் தொடங்கி, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தொட்டு. பிறகு பிரைமர். பிறகுதான் கலர். அதுவும் ஒரே தடவையில் அப்பக்கூடாது. மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று.

எனக்குப் பொறுமையில்லை. ஐப்பசி மழை நாளில், காற்றில் ஈரம் இருக்கும்போது கூரைக்கு லேக்கர் அடித்தேன். காய்ந்ததும் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துவிட்டது. சரி, கலைத்துவிடலாம் என்று மருமகளின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பெயின்ட் போனது. கூடவே கூரையும் இளகிக் குழைந்து பள்ளமாகிவிட்டது.

நெயில் பாலிஷ் ரிமூவரில் இருப்பது அசிட்டோன். கிட் செய்திருப்பது பாலிஸ்டைரீன். அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். கரைப்பான், கரைபொருள், கரைசல் என்று 33 ஆண்டு கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று அடிக்கோடிட்டுக் காட்டியவன். அதை என் விரல் 67 வயதில்தான் தெரிந்துகொண்டது. வாயில் இருந்த படிப்பு கைக்கு இறங்கவே இல்லை. வாத்தியார் கதையே இது என்றால், அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் கதை என்ன?

கூரைக்குப் புட்டி வைத்து நிரப்பி, காயவைத்து, மறுபடி தேய்த்தேன். பத்து நாள். இப்போது படத்தில் பாருங்கள், எந்த இடம் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் மாவட்டத்துப் பிள்ளைக்குத் தப்பு செய்ய இடமே இல்லை.

பட்டாசு ஆபீஸில் தப்பு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். இரும்புச் சாமான் கீழே விழுந்து ஒரு பொறி கிளம்பினால் போதும். கலந்த மருந்து மிச்சமாகி, ஈரம் ஏறி, ராவெல்லாம் கிடந்தால் போதும். ஒரு ஷெட்டில் நான்கு பேர்தான் என்ற இடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் போதும். 2012இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாள் எது? செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். காலையில் பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூ மேசையில் இருந்தது. சாயங்காலம் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் நின்றேன். 2021 பிப்ரவரி 12இல் பக்கத்து அச்சங்குளம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பரீட்சையில் தப்பு என்றால் மார்க் போகும். அரை மார்க்கில் கல்லூரி போகும், கல்லூரி போனால் திரும்ப அதே பட்டாசு ஆபீஸ். ஆக, எங்கள் பிள்ளைக்கு இரண்டே மேசைகள். ஒன்றில் தப்பு செய்தால் உயிர் போகும். மற்றதில் தப்பு செய்தால் எதிர்காலம் போகும். மூன்றாவதாக ஒரு மேசை வேண்டும் என்கிறேன். அங்கே தப்பு செய்தால் ஒரு துண்டு உப்புத்தாள் மட்டும் செலவாக வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. மாடல் செய்வது அந்த மூன்றாவது மேசை.

“இது குலக்கல்வி பேச்சு” என்று இப்போதே ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் பதில். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் என்ன? பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பு, வண்ணார் பிள்ளை வெளுப்பு. ஊரே எதிர்த்தது, எதிர்த்தது சரி. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதைத் தூக்கியெறிந்தார், எறிந்தது அதைவிடச் சரி. அந்தத் திட்டம் பிள்ளையின் கையை அப்பன் கையோடு சேர்த்துக் கட்டியது. நான் கேட்பது கட்டை அவிழ்க்க. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் அம்மாவின் மகள் பெட்டி ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே அட்டையில் அவள் விரும்பியதைச் செய்யட்டும். யாருக்கும் விற்க வேண்டாம், யாரும் கூலி தர வேண்டாம், எண்ணிக்கை கிடையாது, மேஸ்திரி கிடையாது. கை தன் சந்தோஷத்துக்காக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று நூறு வருடமாக இந்த மண்ணில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அவர்கள் ஆசைப்பட்டுக் கற்றார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வர வழி வைத்திருக்கிறோமா?

இனி அமெரிக்க மோகம்.

காமராஜர் போய்வந்த கார் எது? எம்.டி.டி. 2727. கறுப்பு நிறச் செவர்லே. அமெரிக்கக் கார்! அவர் 1957இலும் 1962இலும் நின்று ஜெயித்தது எங்கள் சாத்தூர் தொகுதியில். ஐந்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து சாத்தூரில் அவரைப் பார்த்தேன். அவர் முகம் நினைவில்லை. கறுப்புக் கார் ஒன்று புழுதி கிளப்பிப் போனதும், “அதுல போறாரு பாரு” என்று அப்பா சொன்னதும் நினைவிருக்கிறது. நம் ஊர்க் கிழவிகள் எந்தக் காரைப் பார்த்தாலும் ‘பிளஷர்’ என்பார்கள். அந்தக் காலத்துப் பிளஷர்களில் பல அமெரிக்கப் பெயர் கொண்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் கார் பூட்டத் தொடங்கிவிட்டது. பிறகு வால்சந்தின் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளைமவுத், டி சோட்டோ பூட்டியது. ஆகவே இந்தக் கார் நமக்கு அந்நியம் இல்லை. மாட்டுவண்டி செய்யச் சொன்ன அண்ணாச்சி, தாராளமாகச் செய்யுங்கள், நானே வந்து உப்புத்தாள் பிடிக்கிறேன். எதைச் செய்கிறோம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

அமெரிக்காக்காரனிடம் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு, அது கார் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி என்ற பிரிவு 1930இல் பள்ளிப் பையன்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது. ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட் என்று பெயர். முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரைவண்டியின் மாடல் செய்ய வேண்டும். பிறகு தானே கற்பனை செய்த காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்ய வேண்டும். வீட்டில், சொந்தக் கையால். ஜெயித்தவனுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை! 1968 வரை நடந்தது. அதில் கலந்துகொண்ட பலர் பின்னாளில் கார் வடிவமைப்பாளர்கள் ஆனார்கள். அங்கே கார் பிறப்பதே மாடலாகத்தான். ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளர் களிமண்ணில் பிசைந்து பார்த்துத்தான் காருக்கு உருவம் கொடுத்தார். இங்கே களிமண்ணில் கை வைத்த பிள்ளைக்கு என்ன கொடுத்தோம்? “போய்க் கையைக் கழுவிட்டு வா.”

அந்தப் போட்டியிலும் ஒரு குறை. பையன்களுக்கு மட்டும்தான். பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. நம் ஊரில் அப்படி ஒரு போட்டி வைத்தால் நிலைமை தலைகீழ். இங்கே நுணுக்கமான கை பெண்களுடையது. ஒரு சரவெடியைப் பின்னும் விரல்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

லண்டனில் நடந்த இன்னொரு கதையையும் சொல்கிறேன், நம் தொழிலோடு சம்பந்தப்பட்டது. 1952 வாக்கில் லெஸ்னி என்ற கம்பெனியில் ஜாக் ஓடெல் என்ற எஞ்சினியர் இருந்தார். அவர் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம். அப்பா உட்கார்ந்து பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து, தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளும் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் உலகம் முழுக்க விற்ற ‘மேட்ச்பாக்ஸ்’ கார்கள். அந்தப் பள்ளியும் விதி போட்டது. நானும் விதி போட்டேன். அவர்கள் விதியில் ஒரு ரோடு ரோலர் பிறந்தது. என் விதியில் ஒரு லாரி உடைந்தது. தீப்பெட்டி செய்யும் ஊர் எது? இதுதான். கோடிக்கணக்கில் பெட்டி ஒட்டினோம். ஒன்றுக்குள்ளாவது ஒரு பொம்மையை வைத்து நம் பிள்ளைக்குக் கொடுத்தோமா?

“இதெல்லாம் வசதி உள்ளவன் வேலை” என்பவர்களுக்கு: கிட் விலை மூவாயிரத்துச் சொச்சம். தம்பி மகன் சென்னையில் இருந்து ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். அதைப் பள்ளிக்கூடத்துக்கு வாங்குங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். வேண்டியதெல்லாம் நம் காலடியில் கிடக்கிறது. தீப்பெட்டி அட்டை, கழிவுக் குச்சி, சிவகாசி அச்சகங்களில் வெட்டித் தள்ளும் அட்டைத் துண்டு, பசை, ஸ்கேல், உப்புத்தாள். இவற்றில் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். அம்மா பட்டாசு ஆபீஸ் போகிறார். சாயங்காலம் டியூஷனுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு என் மேசைப் பக்கம் வந்து நிற்பாள். பம்பருக்கு வெள்ளி பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, “எங்க அம்மா கை மாதிரியே இருக்கு தாத்தா” என்றாள். இருக்காதா? வெள்ளி பெயின்டில் மினுங்குவதும் அலுமினியப் பவுடர்தான். மத்தாப்பில் மினுங்குவதும் அதுதான். அவள் அம்மா கையில் சோப்புப் போட்டாலும் போகாததும் அதுதான்.

அவளிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். அசல் கார் 200 அங்குல நீளம். இருபத்தைந்தில் ஒன்று என்றால்? “எட்டு அங்குலம்.” ஸ்கேல் வைத்து அளந்தாள். சரியாக எட்டு. கண் விரிந்தது. நீளம் 25 மடங்கு குறைந்தால் பரப்பு 625 மடங்கு, கனஅளவு 15,625 மடங்கு குறையும் என்றேன். அசல் கார் சுமார் 1,500 கிலோ. வகுத்துப் பார்த்து, “தொண்ணூத்தாறு கிராம்தானா தாத்தா?” என்று காரைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். விகிதம் என்ற பாடத்தை அவள் இரண்டு வருடம் படித்திருக்கிறாள். அன்றுதான் அது அவள் கையில் ஏறியது.

மறுநாள் அவளே தன் வீட்டை அளந்துகொண்டு வந்தாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே அறை. அதே கணக்கில் தீப்பெட்டி அட்டையில் வீடு கட்டினாள். 4.8 அங்குலத்துக்கு 5.76 அங்குலம். முதல் சுவர் கோணலாக நின்றது. கிழித்துவிட்டு மறுபடி ஒட்டினாள். கதவு, ஜன்னல், அலமாரி, மூலையில் அடுப்பு. முடித்துவிட்டு என் காருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தாத்தா, இந்தக் காரு எங்க வீட்டை விட நீளம்.”

ஆமாம். எங்கள் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு விஷயத்தை அந்தப் பிள்ளை தன் கையால் அளந்து கண்டுபிடித்தது. இதைவிடப் பெரிய சமூக அறிவியல் வகுப்பை நான் பார்த்ததில்லை. இப்போது வீட்டுக்கு இன்னொரு அறை சேர்த்தால் எங்கே சேர்ப்பது என்று அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று அவள் அம்மாவும் வந்து, சமையலறை ஜன்னல் கிழக்கே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே நண்பரே, தலைமையாசிரியரே, உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. வாரத்துக்கு இரண்டு கைத்தொழில் பீரியடை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்டோர் ரூமைத் திறந்து ஒரு நீள மேசையை வெளியே போடுங்கள். அதில் செய்ததற்கு மார்க் போடாதீர்கள். மார்க் போட்டால் அதற்கும் கைடு வந்துவிடும். முக்கியமாக, “படிக்கலேன்னா ஆபீஸுக்குத்தான் போவ” என்ற வசனத்தை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வேலை ஆபத்தானது, கூலி போதாது, அதிலிருந்து பிள்ளைகள் வெளியே வர வேண்டும். இதையெல்லாம் சொல்லுங்கள். ஆனால் அந்த வேலையைச் செய்யும் கையைக் கேவலமாகப் பேசாதீர்கள். பிள்ளைக்குச் சோறு போடும் கை அது.

கடைசியாக, அந்த இரண்டு வரி எழுதிய மாணவனுக்கு.

தம்பி, நீ இன்று சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறாய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு கலரும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டிய வேலை. உன் கண்ணும் கையும் அன்றைக்கே அதற்குத் தயாராக இருந்திருக்கிறது, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. தப்பு என்னுடையது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் உடைத்தேன். அதனால் எல்லோரும் படிக்கும் இந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

எனக்கு அடுத்த வேலை எம்.டி.டி. 2727. கிட் தேடப்போவதில்லை. அட்டையிலும் குச்சியிலும்தான் செய்யப்போகிறேன். கறுப்பு அடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்கிறார்கள். ஒரு தூசி, ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்குத் தனியாக வராது. செருப்பு ரப்பரில் சக்கரம் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணி. என் வீட்டுத் திண்ணையில் மேசை போட்டிருப்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம். ஆளுக்கு ஒரு துண்டு உப்புத்தாள் கொண்டுவந்தால் போதும். தப்பு செய்ய வெட்கப்படாதவர்கள் முதலில் வாருங்கள்.

தம்பி, நீ அவசியம் வா. பின்கதவு எப்படித் திறந்து மூடும்படி வைத்தாய் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டியிருக்கிறது.